வாசகர் குறிச்சொல்லா, நிலையான பொருள் தலைப்பா? சிறு நூலகத்தில் இரண்டையும் சேர்த்து அமைக்கும் வழி

ஊர்ப் படிப்பகத்தையோ பள்ளி நூலகத்தையோ கணினிக்கு மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். புத்தகப் பெயர், பதிப்பகம், விலை, பக்கம் எல்லாம் தடையில்லாமல் ஏறிவிடும். "பொருள்" என்ற கட்டத்துக்கு வந்ததும் வேலை நிற்கும். தட்டச்சு செய்பவர் தன் வாயில் வந்த சொல்லைப் போடுவார். அடுத்த வாரம் வேறொருவர் உட்கார்ந்து வேறொரு சொல்லைப் போடுவார். எங்கள் கைக்கு வந்த பழைய எக்செல் கோப்பில் வரலாறு, சரித்திரம், வரலாற்று நூல், வறலாறு, ஹிஸ்டரி என்று ஒரே பொருள் பல வேடங்களில் கிடந்தது. "கோயில்" என்று தேடினால் "கோவில்" என்று பதிந்த புத்தகம் வராது. அலமாரியில் இருக்கும் நூலை "இல்லை" என்று சொல்லி வாசகரைத் திருப்பி அனுப்புவதுதான் இதன் விளைவு.

இதற்கு இரண்டு மருந்து சொல்வார்கள். ஒன்று, முன்கூட்டியே தீர்மானித்த சொற்பட்டியல்: அதில் உள்ள தலைப்புகளை மட்டுமே பயன்படுத்துவது. மற்றொன்று, வாசகர்களே தங்கள் சொல்லில் குறிச்சொல் (டேக்) போடுவது. எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். ஒரு பொருளில் உள்ள எல்லா நூல்களையும் ஒருசேரக் கொண்டுவரப் பட்டியல் வேண்டும். மக்கள் எந்தச் சொல்லால் கேட்கிறார்கள் என்று தெரியக் குறிச்சொல் வேண்டும். வாசகரின் சொல்லைப் பட்டியல் தலைப்புக்கு மாற்றுச்சொல்லாகப் பதிந்து இரண்டையும் இணைக்கும் வேலைதான் நூலகத்தைக் காப்பாற்றும். கீழே உள்ள படிகள் சில நூறு முதல் பத்தாயிரம் புத்தகம் வரை உள்ள நூலகங்களுக்குப் பொருந்தும்.

1. தட்டச்சு தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சேர்க்கைப் பதிவேடு, அதாவது நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசை எண்ணோடு பதிந்த ஏடு. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதில் உள்ள எண்ணே பார்கோடு எண்ணாக இருக்கட்டும். புது எண் வரிசை தொடங்கினால் தணிக்கை வரும்போது பழைய பதிவேட்டோடு பொருத்திக் காட்ட முடியாது.

முடிவுக் குறிப்பேடு. "நாவல் என்று போடுகிறோம், புதினம் என்று போடுவதில்லை" என்பது போன்ற ஒவ்வொரு முடிவையும் தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் தன்னார்வலருக்கு இதுதான் வழி காட்டும்.

பட்டியல் கோப்பு. ஐந்து பத்தி (நெடுவரிசை) போதும்: ஏற்ற சொல், மாற்றுச் சொற்கள், இதைவிட விரிந்த தலைப்பு, எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, சேர்த்த தேதி.

இந்தக் கோப்பைத் திருத்தும் உரிமை ஒரே ஒருவருக்கு இருக்கட்டும். மற்றவர்கள் பரிந்துரைக்கலாம். ஐந்து பேர் திருத்தும் பட்டியல் ஒரே மாதத்தில் பழைய எக்செல் நிலைக்கே போய்விடும்.

2. எந்தக் கட்டத்தைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது

பட்டியலில் உள்ள சொல்லை மட்டும் ஏற்கும்படி பூட்ட வேண்டியவை: ஆசிரியர் பெயர், பொருள், இடம், வடிவம், மொழி. திறந்து வைக்க வேண்டியது: வாசகர் குறிச்சொல் மட்டும்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம், வடிவத்தையும் பொருளையும் கலப்பது. சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் வடிவம் சிறுகதை. தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சி பற்றிய ஆய்வு நூலின் பொருள் சிறுகதை. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், கதை படிக்க வந்த மாணவிக்கு ஆய்வு நூல்கள் வந்து குவியும். நூலக மென்பொருள்கள் புத்தக விவரங்களைப் பதியப் பயன்படுத்தும் மார்க் 21 முறையில் பொருளுக்கு 650, வடிவத்துக்கு 655, இடத்துக்கு 651, ஒரு மனிதரைப் பற்றிய நூலானால் 600 என்று தனித்தனிப் புலம் உண்டு. பட்டியலில் இன்னும் சேராத, ஆனால் விட மனமில்லாத சொல்லுக்கு 653 இருக்கிறது. அதைக் காத்திருப்பு அறையாகப் பயன்படுத்துங்கள்.

அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் வகுப்பு எண்ணையும் பொருள் தலைப்பையும் ஒன்றாக எண்ணாதீர்கள். தூவி தசம முறை (டூயி டெசிமல்) என்ற வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. புத்தகம் அலமாரியில் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்பதால் எண் ஒன்றுதான். தலைப்பு இரண்டு மூன்று கொடுக்கலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாப் புத்தகத்துக்கும் ஆறு ஏழு தலைப்பு போட்டால் எந்தத் தேடலிலும் எல்லாம் வரும், பயனில்லை.

3. பட்டியலைக் கட்டுவது

பெரிய பட்டியலை எங்கிருந்தோ எடுத்து மொழிபெயர்த்துத் தொடங்கலாம் என்று தோன்றும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் அது பல லட்சம் தலைப்புகள் கொண்டது. உங்கள் அலமாரியில் இல்லாத உலகத்துக்கெல்லாம் தலைப்பு வைத்திருக்கும், உங்கள் அலமாரி நிறைய இருக்கும் தலவரலாறுகளுக்கும் சித்த மருத்துவச் சுவடிப் பதிப்புகளுக்கும் போதிய நுணுக்கம் தராது. ஐயம் வரும்போது எட்டிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில், எல்லா அலமாரியிலிருந்தும் கலந்து 300 புத்தகம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரே பொருளைச் சொல்லும் வரிகளைச் சேருங்கள். அங்கிருந்து பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது தலைப்பு கிடைக்கும். பத்தாயிரம் புத்தகத்துக்கும் 250ஐத் தாண்டத் தேவையில்லை என்பது என் கணிப்பு. ஒரு புத்தகம் கையில் இல்லாமல் அதற்கான தலைப்பை உருவாக்காதீர்கள். ஒரு தலைப்பின் கீழ் ஐம்பது, அறுபது நூல் சேர்ந்துவிட்டால் பிரிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

எந்தச் சொல்லைத் தலைப்பாக ஏற்பது? மேசைக்கு முன் நின்று வாசகர் கேட்கும் சொல்லை. "நாவல் எங்க சார் இருக்கு?" என்று கேட்கிறார்கள் என்றால் தலைப்பு நாவல், மாற்றுச்சொல் புதினம். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

ஏற்ற சொல்: கோயில்
மாற்றுச் சொற்கள்: கோவில், ஆலயம், திருக்கோயில், திருத்தலம்
விரிந்த தலைப்பு: சமயம்
குறிப்பு: கட்டடம், தலவரலாறு, நிர்வாகம் பற்றிய நூல்கள். சிற்பத்தை மட்டும் பேசும் நூலுக்குச் "சிற்பக்கலை".

மாற்றுச் சொற்கள் என்ற பத்தியைக் காலியாக விட்டால் மீதி நான்கு பத்தியும் வீண். வாசகர் உங்கள் பட்டியலைப் படித்துவிட்டு வரப்போவதில்லை.

ஒருமையா பன்மையா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். எண்ணக்கூடிய பொருள்களுக்குப் பன்மை வைப்பது ஆங்கிலப் பட்டியல்களின் வழக்கம். தமிழில் ஒருமையே நல்லது என்பேன். நாவல் என்று தட்டினால் சொல்லின் முன்பகுதி பொருந்தி நாவல்களும் கிடைக்கலாம். மரம் என்று தட்டினால் மரங்கள் கிடைக்காது, ஏனென்றால் மகரம் போய் ஙகரம் வந்துவிடுகிறது. நூலக மென்பொருள்களுக்குத் தமிழ் வேற்றுமையும் புணர்ச்சியும் தெரியாது. "சிறுகதை", "சிறு கதை" என இடைவெளி மாறினாலும் அவற்றுக்கு வேறு சொல்தான். ஆகவே இடைவெளி, ஒற்று இரண்டுக்கும் குறிப்பேட்டில் விதி இருக்க வேண்டும்.

இடப்பெயர்களில் புதுச்சேரி, பாண்டிச்சேரி, புதுவை போன்றவை எளிது, ஒன்றை ஏற்று மற்றவற்றை மாற்றாக்கலாம். சிக்கல் மாவட்டங்களில் வரும். தென்காசி 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. மயிலாடுதுறை 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன் வந்த மாவட்ட வரலாற்று நூல்களுக்குப் பழைய மாவட்டத்தோடு இப்போதைய பெயரையும் தலைப்பாகக் கொடுங்கள். தஞ்சாவூர் நகரமா மாவட்டமா என்று அடைப்புக்குறியில் காட்டுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் விக்கித்தரவு (விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளம்) தரும் எண்ணையும் குறித்துவைத்தால் குழப்பம் இராது. சென்னைக்கு அது க்யூ1352. பெயர் மாறினாலும் எண் மாறாது.

ஆசிரியர் பெயரில் புனைபெயரைப் பாருங்கள். எஸ். ரங்கராஜன் என்று யாரும் கேட்டு வரமாட்டார்கள், சுஜாதா என்றுதான் கேட்பார்கள். சொ. விருத்தாசலத்துக்குப் புதுமைப்பித்தன். சுந்தர ராமசாமியின் கவிதைகள் பசுவய்யா என்ற பெயரில் வந்தன. வாசகர் கேட்கும் பெயரை ஏற்று, மற்றதை மாற்றாக வையுங்கள். முதலெழுத்தைப் பெயருக்கு முன் போடுவதா பின் போடுவதா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா என்பதும் விதியாக வேண்டும். உ.வே.சா. ஒருவருக்கே நான்கு வடிவம் பார்க்கலாம்.

மனிதர்களைக் குறிக்கும் சொற்களில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய நூல்களின் அட்டையிலேயே ஊனமுற்றோர், ஹரிஜனம், அரவாணி என்று இருக்கும். புத்தகத்தின் பெயரை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் நம் தலைப்பு மாற்றுத்திறனாளி, தலித், திருநங்கை என்று அந்த மக்கள் இன்று ஏற்கும் பெயராக இருக்க வேண்டும். பழைய சொல்லைத் தட்டியவருக்கும் நூல் கிடைக்கட்டும், திரையில் தலைப்பாக அது தெரிய வேண்டாம். சொற்பட்டியல் என்பது யார் பெயரை யார் வைப்பது என்ற அதிகாரம். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மாணவி தன் சமூகத்தைப் பற்றிய நூலைத் தேடும்போது தலைப்பைப் பார்த்துத் தலை குனியக் கூடாது என்பதை நான் எல்லா விதிக்கும் மேலாக வைக்கிறேன்.

4. எழுத்தில் ஒளிந்திருக்கும் பொறிகள்

பழைய கோப்பு பாமினி, டாப், டாம் போன்ற எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் கண்ணுக்குத் தெரியாத இடைக்குறிகள் சொல்லுக்குள் தங்கிவிடும். பார்க்கச் சரியாக இருக்கும், தேடினால் வராது.

ஔவையார் என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாலும், ஒ, ள என்று இரண்டு எழுத்தாலும் பலர் தட்டுகிறார்கள். ஶ்ரீ, ஸ்ரீ இரண்டும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம், உள்ளே வேறு குறியீடு. ஸ்ரீரங்கம், ஸ்ரீனிவாசன், ஸ்ரீலங்கா என்று தொடங்கும் அத்தனை பெயரும் இதில் சிக்கும். தமிழ் எண் ௧ க்கும் க எழுத்துக்கும், ௭ க்கும் எ எழுத்துக்கும் அதே கதை. ஒரே சமயத்தில் தேடி மாற்றும் வேலையாக இவற்றை முடித்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

5. மென்பொருளில் அமைப்பது

ஆயிரம் புத்தகத்துக்குள் என்றால் எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் போதும். பொருள் பத்தியில் கீழிறங்கு பட்டியல் வைத்து, பட்டியலில் இல்லாத சொல்லை ஏற்காதபடி பூட்டுங்கள். ஒரு பொறி: வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பூட்டு வேலை செய்யாது. வாரம் ஒருமுறை அந்தப் பத்தியை வடிகட்டிப் பாருங்கள்.

அதற்கு மேல் என்றால் கோஹா என்ற நூலக மென்பொருள். இலவசம், திறமூலம், அதாரிட்டி வசதியும் (ஏற்ற சொல்லையும் அதன் மாற்றுச் சொற்களையும் ஒரே பதிவில் வைப்பது) குறிச்சொல் வசதியும் உள்ளேயே உண்டு. நிறுவித் தருபவரிடம் இந்த நான்கையும் கட்டாயம் கேளுங்கள்.

முதலாவது, தேடுபொறி, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு என்ற முறையில் தேடலுக்கான அட்டவணை இடும்படி இருக்க வேண்டும். சிஎச்ஆர் என்ற முறையில் விட்டால் தமிழ்த் தேடல் ஒழுங்காக நடக்காது.

இரண்டாவது, மாற்றுச் சொற்கள் அதாரிட்டி பதிவில் 450 புலத்தில் ஏறும். ஏற்றியதாலேயே வாசகர் தேடலில் அவை வேலை செய்துவிடாது. "இன்க்ளூட் சீ ஃப்ரம் இன் சர்ச்சஸ்" என்ற அமைப்பை இயக்கி, முழுப் பட்டியலையும் மறுபடி அட்டவணை இட வேண்டும். இதைச் செய்யாமலே "கோஹாவில் மாற்றுச்சொல் வேலை செய்யவில்லை" என்று கைவிட்ட நூலகங்கள் உண்டு.

மூன்றாவது, "ஆட்டோ கிரியேட் அதாரிட்டீஸ்" அமைப்பு அணைந்திருக்க வேண்டும். இயங்கினால், யாரோ தப்பாகத் தட்டிய சொல்கூடத் தனித் தலைப்பாகப் பிறந்துவிடும். பிற நூலகங்களிலிருந்து பதிவை இறக்கும்போது இது இன்னும் மோசமாகும். காங்கிரஸ் நூலகத்தின் தமிழ்ப் பதிவுகளில் நூற்பெயர் பெரும்பாலும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பிலும் தலைப்பு ஆங்கிலத்திலும் இருக்கும். பக்கம், ஆண்டு, ஐஎஸ்பிஎன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பெயரைத் தமிழில் தட்டி, தலைப்பை உங்கள் பட்டியலிலிருந்து போடுங்கள்.

நான்காவது, ஒரு தலைப்பைத் திருத்தினால் இணைந்த நூல்களிலும் அது மாறும். ஆனால் 50 நூலுக்கு மேல் இணைந்திருந்தால், இயல்பான அமைப்பில், உடனே மாறாது. பின்னணியில் ஓடும் பணி முடிந்தபின்தான் மாறும். பொறுமையின்றி ஒவ்வொரு நூலாகத் திறந்து திருத்த வேண்டாம், காலையில் பாருங்கள்.

6. வாசகருக்குக் குறிச்சொல்லைத் திறந்துவிடுவது

பட்டியல் ஓரளவு நிலைத்தபின் இதைத் திறங்கள். கோஹாவில் குறிச்சொல் வசதியை இயக்கி, ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பையும் சேர்த்து இயக்குங்கள். வாசகர் தன் கணக்கில் நுழைந்து போடுவார், நூலகர் ஏற்றபின் எல்லோருக்கும் தெரியும்.

வரும் சொற்கள் மூன்று வகை. பொருளைச் சொல்பவை: "சோழர்", "சர்க்கரை நோய்". தனக்கான குறிப்பு: "படிக்கணும்", "அப்பாவுக்கு". பயனைச் சொல்பவை: "குரூப் 4", "பட்டிமன்றத்துக்கு", "பேச்சுப்போட்டி". மூன்றாம் வகைதான் பொன். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையான சமூக அறிவியல் பாடநூலுக்கு எந்த நூலகரும் "டிஎன்பிஎஸ்சி" என்று தலைப்பு போடமாட்டார், நூல் அதைப் பற்றியதல்ல. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் அந்தப் பாடநூலைத்தான் தேடி வருகிறார்கள். நூல் எதைப் பற்றியது என்பதைத் தலைப்பு சொல்லும், எதற்கு உதவும் என்பதை அதைப் பயன்படுத்தியவர்தான் சொல்ல முடியும்.

தனிக்குறிப்புகளைப் பொதுவில் காட்ட வேண்டாம். அதைவிட முக்கியம், யார் எந்தக் குறிச்சொல் போட்டார் என்பது பிற வாசகருக்குத் தெரியக் கூடாது. சிறிய ஊரில் மனநலம், குடிப்பழக்கம், விவாகரத்து பற்றிய நூலுக்குக் குறிச்சொல் போட்டவர் பெயர் வெளியே வந்தால் அவர் திரும்ப நூலகத்துக்கு வரமாட்டார்.

கணினியில் தட்டத் தயங்குபவர்களுக்கு மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். "நீங்கள் தேடியது, எந்தச் சொல்லால் தேடினீர்கள், கிடைத்ததா" என்று மூன்று பத்தி. பெரியவர்களின் சொற்கள் இந்த வழியாகத்தான் வரும்.

7. மாதம் ஒருமுறை இரண்டையும் இணைப்பது

ஒரு மாலை ஒதுக்குங்கள். புதிய குறிச்சொற்களையும் மேசை நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் கேளுங்கள். இது ஏற்கெனவே உள்ள தலைப்பின் வேறு பெயரா? அப்படியானால் மாற்றுச்சொல்லாகச் சேருங்கள். பல நூல்களுக்குப் பலர் போட்ட புதிய பொருளா? தலைப்பாக உயர்த்துங்கள். பயனைச் சொல்வதா? குறிச்சொல்லாகவே விடுங்கள், எழுத்துக்கூட்டலை மட்டும் ஒன்றாக்குங்கள். "குரூப் 4", "குரூப்4", "குரூப் நான்கு" மூன்றாக நிற்க வேண்டாம்.

பெரிய தளங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் எழுதுபவர்கள் விரும்பிய குறிச்சொல்லைப் போடலாம். பின்னால் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒத்த சொற்களை ஒரு நிலையான சொல்லோடு இணைக்கிறார்கள். எழுதியவரின் சொல் அழிக்கப்படுவதில்லை, தேடலும் சிதறுவதில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஒரு கேள்விக்கு ஐந்து குறிச்சொல் என்று வரம்பு வைத்து, ஒத்த சொற்களை இணைத்தும் வைக்கிறது.

மூன்று மாதமாக யாரும் இந்த மாலையில் உட்காரவில்லை என்றால் குறிச்சொல் வசதியைத் தற்காலிகமாக மூடிவிடுங்கள். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சொற்கள் குவிந்தால் போட்டவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

8. செலவும் காலமும்

கோஹாவுக்குக் காசில்லை. உள்ளூர்க் கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம், சில ஆயிரம் நூலுக்கு 4 ஜிபி நினைவகம் போதும். இணையத்தில் வைக்க வேண்டுமானால் சர்வர் வாடகை மாதம் சுமார் 500 முதல் 1,000 ரூபாய். பார்கோடு வாசிப்பான் சுமார் 1,500 முதல் 3,000. நிறுவித் தருபவர் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். பணம் கொடுக்கும் முன் சர்வர் கடவுச்சொல்லும் முழுத் தரவும் உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். தரவைக் கேட்டால் தனிக் கட்டணம் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய செலவு மனித நேரம். ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 3,000 நூலுக்கு 250 மணி நேரம். ஒருவர் தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு மாதத்துக்கு மேல். தலைப்பு தேர்வதற்கு மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் நூலைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தனியே சேர்ந்தவற்றை வாரக் கடைசியில் பட்டியல் பொறுப்பாளர் பார்க்கட்டும். பள்ளி நூலகம் என்றால் மே விடுமுறையில் தொடங்குங்கள். ஜூனில் புதிய பாடநூலும் மாணவர் சேர்க்கையும் வந்து எல்லோரையும் இழுத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை அதாரிட்டிகளை மார்க் கோப்பாகவும், சொற்பட்டியலையும் குறிச்சொற்களையும் சிஎஸ்வி கோப்பாகவும் எடுத்து, முடிவுக் குறிப்பேட்டின் ஒளிப்படங்களோடு ஒரு பென் டிரைவில் போட்டு, நூலகக் கட்டடத்துக்கு வெளியே ஒருவர் வீட்டில் வையுங்கள். யார் வீட்டில் இருக்கிறது என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.